ஏழாம் நம்பர் ஃபியூஸ்

மண்டபம், ஐஸ் கம்பெனிக்குப் பின்பக்கம்.
கார்த்திகை, மார்கழி, தையில் பாதி
தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி.
சாவியைத் திருப்பினால்
ஒரு டிக்.
அவ்வளவுதான்.

வருஷத்தில் ஒன்பது மாதம் அதுதான் எங்களுக்கு வீடு.
கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ்,
சோழியும் சிப்பி மாலையும் அடைத்த மரப்பெட்டி
எல்லாம் நாலு சக்கரத்துக்கு மேலே
திருவிழா திருவிழாவாக.
மழைக்கு மட்டும் வேதாளையில் வாடகை அறை.

வெள்ளிக்கிழமை ஓரியூரில் கடை போடணும்.
"நெகட்டிவைக் கழட்டி வச்சீங்களா?"
"வச்சேனே."
வைக்கவில்லை.
கிளாம்பு மாட்டியபடியே
பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது.

மீட்டரை வைத்தேன்: மூணு புள்ளி எட்டு.
பரமக்குடி ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் காயில் சுற்றியவள் நான்.
எனக்குக் கோபம் வோல்ட் கணக்கில் வரும்.
செங்கோலுக்கு மாலை கோக்கத் தெரியும்,
நூல் அறுந்தால் மட்டும்தான் அது அவருக்குக் கோளாறு.

நாகூர் மீரான் தன் வள்ளத்துப் பேட்டரியைத்
தோளில் சுமந்துவந்து இறக்கினார்.
மாட்டினோம்.
ஹார்னை அழுத்தினால் மின்விசிறி அரைச்சுற்று சுற்றியது.
பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் கண்ணடித்தது.
ஹெட்லைட் போட்டதும் ஃபிரிட்ஜ் முனகியது.
"பேய் பிடிச்சிருக்கு தங்கச்சி."
பேய் இல்லண்ணே, எர்த் இல்ல.
போன கரண்டு திரும்பிவர வழி தெரியாம
கண்ட வீட்டுக் கதவையும் தட்டுது.

ஒரு முள் பேட்டரி நெகட்டிவில்,
மறு முள் சேஸிஸில்.
பூஜ்யம் காட்டணும்.
காட்டியது இரண்டு புள்ளி ஆறு.

மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தேன்.
முதுகெல்லாம் மணல், கிளிஞ்சல்.
இத்தனை பெரிய வண்டியில்
வாடைக்காற்று அந்த ஒரு போல்ட்டைத் தேடிப்பிடித்து
உப்பு வைத்திருந்தது.
ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்,
மீரான் அண்ணன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
புளி போட்டுத் தேய்த்தேன்.
பிறகு உப்புத்தாள்
(உப்புக்கு உப்புத்தாள், பேர் வைத்தவன் புத்திசாலி).
தாமிரம் சிவந்து வந்ததும்
கிரீஸ் தடவி முறுக்கினேன்.
பூஜ்யம்.
இன்ஜின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.

செங்கோல் டீ வாங்கப் போய்விட்டார்.
அவருக்கு வேலை முடிந்தது.
எனக்கு முடியவில்லை:
எர்த் கெட்டால் பேட்டரி சாகாது.
யாரோ குடித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
வரிசையில் மீட்டரைக் கோத்தேன்.
பூஜ்யம் புள்ளி நாலு ஆம்பியர்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன்.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை.
நாலில் எலி கடித்த தடம், ஆனாலும் இல்லை.
ஏழைப் பிடுங்கியதும்
முள் விழுந்தது.

ஏழு, மரப்பெட்டிக்குள் இருக்கும் விளக்கு.
மூடியைத் திறந்தால் எரியும்,
மூடினால் சுவிட்ச் அமுங்கி அணையும்.
அமுங்கவிடாமல் ஒன்று குறுக்கே கிடந்தது.
கறுப்புக் கிளிப்.
இரண்டு பல் உடைந்தது.
என்னுடையது.

கணக்குப் போட்டேன்.
எண்பது ஆம்பியர்-மணி பேட்டரி.
நாளுக்குப் பத்து வைத்தால் எட்டு நாள்.
கார்த்திகையின் அந்த எட்டு நாளில்தான்
புயல் வந்து கம்பம் சாய்ந்து
வேதாளையில் நாங்கள் மெழுகுவத்திக்கு அலைந்தது,
இருட்டில் யார் காலையோ யாரோ மிதித்துச் சண்டையிட்டது.
இங்கே தார்ப்பாய்க்குள், பெட்டிக்குள்,
சோழிகளுக்கு ராத்திரி பகலாய் வெளிச்சம்.

"என்ன கோளாறு?" டீயோடு வந்துவிட்டார்.
"மணல். சுவிட்சுல மணல்."
கிளிப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

புதுப் பேட்டரி ஏழாயிரத்து இருநூறு.
நெகட்டிவைக் கழட்டாத குற்றத்துக்கு
அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்.
நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.
தேவிபட்டினம் தாண்டி
ஓர் ஆட்டுக்கு ஹார்ன் அடித்தார்.
அண்ணாந்து பார்த்தேன்.

மின்விசிறி அசையவில்லை.